காப்புத் திருப்பி

வெகுகாலத்துக்கு முன்னால் மருதங்கோட்டைச் சீமையை இடும்பவர்மன் என்றொரு ராசா ஆண்டான். நன்றாகத்தான் ஆண்டான், காலையில் எழுந்ததும் ஏதாவது தோன்றாதவரைக்கும்.

ஒருநாள் தோன்றிவிட்டது. அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்ட நான்கு நாள் இருந்தது. காப்பு என்றால் மணிக்கட்டில் மஞ்சள் நூல். கட்டினால் பத்தாம் நாள் கொடி இறங்கும்வரை கழற்றக் கூடாது.

"ஊரெல்லாம் நூல் கட்டுகிறது. நானும் நூலா? எனக்கு வெள்ளிக் காப்பு. அதில் எழுத்து வெட்டியிருக்க வேண்டும். கூப்பிடு உத்தண்டி ஆசாரியை!"

உத்தண்டி வெள்ளி வேலைக்காரர். சிற்றுளி பிடித்தால் எறும்புக்கு மீசை வைப்பார். வந்தார். ராசாவின் மணிக்கட்டை நூல் போட்டு அளந்தார்.

பக்கத்தில் அவைப்புலவர் நாவுக்கினியார் நின்றார். ராசா வேறு யாரையாவது பார்த்தாலே அவருக்கு வயிறு எரியும்.

"அடேய் ஆசாரி! மகாராசா கையை ஆட்டுக்கழுத்து மாதிரியா அளக்கிறாய்?"

"ஆடு இப்படிச் சும்மா இருக்காது சாமி. பக்கத்துல நின்னு கத்திக்கிட்டே இருக்கும்."

ராசா தொப்பை குலுங்கச் சிரித்தான். புலவரின் எந்தப் பாட்டுக்கும் அந்தத் தொப்பை அசைந்ததில்லை. புலவர் முகம் சுருங்கிப்போனது.

"தளர்வா வைக்கவா மகாராசா, இறுக்கமாவா?"

"தளர்வாகவே வை. பத்து நாளும் பொங்கச்சோறு தின்பேன். கை பெருக்கும்."

"எழுத்து?"

"புலவர் ஓலையில் எழுதித் தருவார். அதில் உள்ளபடி வெட்டு. ஒரு கீறல் கூடினாலும் குறைந்தாலும் உன் கட்டைவிரல் போகும். நான் சொன்னால் சொன்னதுதான்."

கட்டைவிரல் போனால் உளியை எதால் பிடிப்பது? உத்தண்டி விரலை மடக்கிக்கொண்டார்.

புலவர் ஓலை கொடுத்தார். நாலே சொல்.

அரசர் அறிவாளி ஆசாரி முட்டாள்

"வாசிக்கத் தெரியுமா?"

"தெரியும் சாமி. பின்பாதி என்னைப் பத்தினது."

"உன் கையாலேயே வெட்டு. ஊரே பார்க்கட்டும். நடுவில் இடம் விடாதே. ஒரே சீராகச் சுற்றி வரவேண்டும்."

உத்தண்டி வெள்ளியை உருக்கினார். தகடாகத் தட்டினார். அரக்கில் பதித்து மூன்று நாள் குனிந்து எழுத்து வெட்டினார். 'முட்டாள்' மிக அழகாக வந்திருந்தது. பிறகு தகட்டை உருளைக்கட்டையில் வைத்து வளைத்தார். இரண்டு முனையும் சேர்ந்தன. முட்டாளும் அரசரும் ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

உத்தண்டி பார்த்தார். கட்டையைத் திருப்பிப் பார்த்தார். ஓலைக்குத் தொடக்கம் உண்டு. வட்டத்துக்கு ஏது?

புலவர் வீட்டுக்கு ஓடினார்.

"சாமி, வளைச்சதும் பேச்சு மாறுது. ஒரு தடவை நீங்களே சுத்திப் பாருங்க."

"முட்டாள் என்றது உறுத்துகிறதோ? மாற்றப் பார்க்கிறாயோ? ஒரு புள்ளி மாறினாலும் விரல் போய்விடும். ஓடு!"

திரும்பி வந்தார். வேறென்ன செய்வார்? பற்றவைக்கும் பொடியை வைத்து, குழலால் தீயை ஊதி முனைகளைச் சேர்த்தார். பூவந்திக்கொட்டை நுரையில் தேய்த்தார். காப்பு பளபளத்தது. அவருக்குத்தான் தூக்கம் வரவில்லை.

திருவிழா நாள். ஊர் திரண்டிருந்தது. பூசாரி சடையன் காப்பை ராசா கையில் போட்டார்.

"எல்லாருக்கும் கேட்க வாசி!" என்றான் ராசா.

பூசாரி, கண்ணில் பட்ட இடத்திலிருந்து தொடங்கினார். "அறிவாளி ஆசாரி! முட்டாள் அரசர்!"

பூசாரி கத்தினால் குலவை போடுவதுதான் பெண்களுக்குப் பழக்கம். போட்டார்கள்.

ராசா மிளகாய்ப்பழமாகச் சிவந்தான். "வெட்டு அவன் விரலை!"

"மகாராசா, வெட்டுறதுக்கு முன்னாடி அந்தக் காப்பைக் கொஞ்சம் திருப்புங்க," என்றார் உத்தண்டி.

திருப்பினான். பூசாரி வாசித்தார். "அரசர் அறிவாளி! ஆசாரி முட்டாள்!"

ராசா முகம் மலர்ந்தது. கையை இறக்கினான். தளர்ந்த காப்பு உருண்டது.

"முட்டாள் அரசர்! அறிவாளி ஆசாரி!" மறுபடி குலவை.

"நிறுத்தய்யா பூசாரி!"

ஓலையைக் கொண்டுவந்து ஒப்பிட்டார்கள். ஒரு கீறல் மாறவில்லை. நடுவில் இடம் விடாதே என்று புலவர் சொன்னதையும் உத்தண்டி சொன்னார்.

"புலவரே, இது உம்முடைய எழுத்துதானே? இடம் விடாதே என்றது யார்?"

"ம... மகாராசா, கழற்றிவிடலாமே."

"கொடி இறங்காம கழற்றினா ஆத்தா சும்மா விடமாட்டா," என்றார் பூசாரி.

"அப்படியானால் தொடக்கத்தில் ஒரு பிள்ளையார் சுழி வெட்டச் சொல்லுங்கள். எங்கிருந்து படிப்பது என்று தெரிந்துவிடும்," என்றார் புலவர்.

உத்தண்டி கட்டைவிரலை அக்குளில் ஒளித்துக்கொண்டார். "ஒரு கீறல் கூடினாலும் விரல் போகும்னு உத்தரவு. மகாராசா சொன்னா சொன்னதுதானே?"

ராசா பல்லைக் கடித்தான். ஊரே பார்க்கிறது. "சொன்னதுதான். வேறென்ன வழி? நீயே சொல்."

"எங்க ஆரம்பம்னு எழுதினவருக்குத்தான் தெரியும். பத்து நாளும் பக்கத்துலயே நின்னு சரியான இடத்துக்குத் திருப்பிவிடட்டும்."

தொப்பை குலுங்க ஆரம்பித்தது. "முட்டாளுக்கு இத்தனை யோசனை வருமா? புலவரே, இன்று முதல் நீர் காப்புத் திருப்பி! உம் கர்வத்துக்கு அதுதான் பட்டம். ஆசாரி, உன் விரல் உனக்கே. புலவர் ஆசனமும் இனி உனக்கே!"

ராசா சோறு பிசைந்தால் புலவர் திருப்பினார். முதுகு சொறிந்தால் ஓடி ஓடித் திருப்பினார். ராசா தும்மினால் இவருக்கு உயிர் போனது. உத்தண்டி ஆசனத்தில் சாய்ந்து குறட்டை விட்டார். "பாட்டுக்கு இது தேவலை," என்றான் ராசா.

பத்தாம் நாள் கொடி இறங்கியது. காப்பைக் கழற்றினார்கள். புலவரின் விரல்கள் மட்டும் நிற்கவில்லை. சந்தையில் கீரை வாங்கப் போனவர், கீரை கொடுத்த அம்மாவின் வளையலையும் பிடித்துத் திருப்பிவிட்டார்.

அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மற்ற கையையும் நீட்டினாள்.

"வளையல்காரரே, பச்சையில இருக்கா?"