பத்தாவது ஆள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் இரண்டு கதவுகள் வரும். எது எங்கே இருக்கிறது என்று கவனிக்காமல் கேட்டுவிட்டு, கடைசியில் என்னிடம் சண்டைக்கு வரக்கூடாது.

மூச்சுவிடவே ஜனங்கள் பயந்துகொண்டிருந்த ஒரு நாட்டில் ஒரு மேலவை இருந்தது. நாற்பது நாற்காலிகள். கூட்டத்தொடரின் கடைசி நாளன்று வந்திருந்தவர்கள் தலைவரையும் சேர்த்துப் பத்தே பேர். எதிர்க்கட்சியில் பலர் சிறையில் இருந்தார்கள், மிச்சப்பேர் தலைமறைவு. மந்திரியின் ஆட்களோ, எப்படியும் ஜெயம்தான் என்று ஊருக்குப் போயிருந்தார்கள். ஆகவே மந்திரி பக்கம் ஆறு, எதிர்ப்பக்கம் மூன்று. பத்துக்கு ஒருவர் குறைந்தாலும் சபை நடக்கக்கூடாது என்பது விதி. ஆனால் குறைகிறது என்று ஓர் உறுப்பினர் எழுந்து சொன்னால்தான் தலைவர் எண்ணுவார்.

அன்று வந்தது தீவுச் சட்டம். கோட்டைச் சிறையில் விசாரணையில்லாமல் கிடந்தவர்களை உப்புத் தீவுக்கு அனுப்புகிற சட்டம். அந்தத் தீவுக்கு ஆட்களோடு போன படகெல்லாம் காலியாகத்தான் திரும்பியிருக்கிறது. மாலை ஆறு மணிக்குள் சட்டம் நிறைவேறாவிட்டால் பழைய சட்டம் காலாவதியாகி, மறுநாள் சிறைக்கதவைத் திறந்துவிட்டாக வேண்டும்.

எதிர்ப்பக்கத்தில் முதலாமவர் அன்னபாக்கியம். அவருடைய தம்பி ஞானமுத்து அந்தக் கோட்டைக்குள் இருந்தான். இரண்டாமவர் சவரிராயன், வக்கீல், பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. மூன்றாமவர் பிச்சையாண்டி. கதவு படாரென்று சாத்தினாலே அவருக்குத் தூக்கிவாரிப் போடும்.

இப்போது கதவுகள். தலைவர் இருக்கைக்குப் பின்னால் உள்கதவு. அதன் வழியே போனால் கழிப்பறை. இன்னொன்று வாசற்கதவு. அங்கே ஒரு காவலர் நோட்டோடு நிற்பார். சபை முடியுமுன் வெளியேறுகிறவரின் பெயர் அதில் ஏறும். போன கூட்டத்தில் அப்படிப் பெயர் ஏறிய இரண்டு பேர் வீடு போய்ச் சேரவில்லை.

காலையில் கேள்வி நேரம். அன்னபாக்கியம் எழுந்து, "கோட்டையில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?" என்றார்.

"நாற்பத்தொரு பேர்" என்றார் மந்திரி.

"அவர்கள் பெயர்?"

"அதற்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்."

அடுத்து பிச்சையாண்டி. கையிலிருந்த தாளைப் பார்த்துப் படித்தார். "வாசலைத் தாண்டிய உறுப்பினர் அன்றைக்கே திரும்ப உள்ளே வரலாமா?"

ஆறு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "வீட்டு ஞாபகம் வந்துவிட்டதா ஐயா? வர முடியாது. நோட்டில் பெயர் ஏறிவிட்டால் நானே சொன்னாலும் விடக்கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறேன்" என்றார் மந்திரி. அன்னபாக்கியத்துக்கு மானம் போனது போலிருந்தது. நம் பக்கம் மூன்று பேர், அதிலும் ஒருவர் இப்படியா!

பிற்பகலில் சவரிராயன் பிடித்தார் பாருங்கள் ஒரு பிடி. நான்கு மணிக்கு ஆரம்பித்தவர் ஐந்தே முக்காலுக்குத்தான் உட்கார்ந்தார். உடனே தலைவர் வாக்கெடுப்புக்கு எழுந்தார். அன்னபாக்கியம் மனதுக்குள் கணக்குப் போட்டார். ஆறுக்கு மூன்று. தம்பியின் கதை முடிந்தது.

அந்த நேரம் பார்த்து பிச்சையாண்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "வயித்தைக் கலக்குதும்மா."

"அட பாவி மனுஷா, இப்பவா? உட்காருங்க! ஒரு 'இல்லை' சொல்லிட்டுப் போங்க!" என்று அன்னபாக்கியம் கத்தியேவிட்டார்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சபையின் முழு நீளமும் நடந்து வாசற்கதவுக்குப் போனார். "பேரு?" என்றார் காவலர். "பிச்சையாண்டி." பிறகு கழுத்தை நீட்டி நோட்டைப் பார்த்து, "எழுதிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டார். கதவு சாத்திக்கொண்டது.

அன்னபாக்கியம் தலைகளை எண்ணினார். தலைவரோடு சேர்த்து ஒன்பது. சொன்னால் மந்திரியின் கண் இனி தன்மேல்தான். ஆனாலும் எழுந்து நின்றார். "தலைவர் அவர்களே, சபையில் பத்துப் பேர் இல்லை."

தலைவர் இரண்டு தடவை எண்ணினார். ஒன்பது. உறுப்பினர்களை அழைக்கும் மணி அடித்தது. சேவகர்கள் வழக்கப்படி உள்கதவு வழியே ஓடிக் கழிப்பறையைத் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள். மந்திரி வாசலுக்குப் பாய்ந்தார். "அந்த ஆளைக் கூப்பிடு!" காவலர் நோட்டைக் காட்டினார். "ஐயா, பேரு ஏறிடுச்சுங்க. உங்க உத்தரவுங்க." ஆள் பிடித்துவரப் போன வண்டி திரும்புமுன் ஆறு அடித்துவிட்டது.

மறுநாள் நாற்பத்தொரு பேரும் வெளியே வந்தார்கள். பிச்சையாண்டி வீடு போய்ச் சேரவில்லை.

ஜனங்கள் போட்ட மாலையை ஞானமுத்து கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, எங்களைக் காப்பாத்தினவருக்கு இதைப் போடணும். யாருக்கு?" என்றான். "நான் பேசிப் பேசி நேரத்தை ஓட்டாவிட்டால் வண்டி அனுப்பி ஆள் சேர்த்திருப்பார்கள்" என்றார் சவரிராயன். "உங்க அக்கா வாய் திறக்காட்டி யாரு எண்ணியிருப்பா?" என்றது கூட்டம். "பிச்சையாண்டியா? அது பயந்து ஓடினது. அந்த வயித்துக்கோளாறு நம்ம அதிர்ஷ்டம்" என்று ஒருவர் சொல்ல, சிலர் சிரித்தார்கள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். மாலை யாருக்கு?

விடை: மூவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் காரியம் கெட்டிருக்கும், உண்மைதான். ஆனால் வயிறு கலங்கியவர் கழிப்பறைக்குப் போகும் உள்கதவை விட்டுவிட்டு வாசலுக்கு ஏன் நடந்தார்? உள்ளே இருந்திருந்தால் சேவகர்கள் இழுத்துவந்து பத்தாவது ஆளாக உட்காரவைத்திருப்பார்கள். பயந்து ஓடுகிறவர் தன் பெயர் ஏறிவிட்டதா என்று நின்று பார்ப்பாரா? திரும்ப வர முடியாது என்பதை அவர் காலையிலேயே மந்திரி வாயால் சொல்லவைத்துவிட்டார். அன்னபாக்கியத்துக்கு இது அந்தக் கூட்டத்தில் நின்றபோதுதான் உறைத்தது. மாலையை வாங்கிக்கொண்டு பிச்சையாண்டியின் வீட்டுக்குப் போனார். "ரொம்பப் பயந்த மனுஷரும்மா அவரு" என்று அழுதாள் அவர் மனைவி. "பயந்துக்கிட்டேதாம்மா போனாரு. உட்காருங்கன்னு நான் கத்தினேன். நல்லவேளை, அவரு கேக்கலை" என்றார் அன்னபாக்கியம்.