சிரிப்புக்கு விட்ட இடம்

கேள்வியோடு வந்தவனிடம் எமல்டா முதலில் கேட்டது, சாப்பிட்டீங்களா என்றுதான்.

"ஆச்சு," என்றான் பூவராகன். ஆகவில்லை.

எமல்டா படத்தொகுப்பாளர். சாலிகிராமத்தில் ஒரு மாடி அறையில், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டுக்கொண்டு, மற்றவர்கள் எடுத்த படங்களை வெட்டிக் கோத்துக்கொண்டிருந்தாள். பூவராகன் அவளைவிட வயதில் மூத்தவன். தலை நரைக்கும்வரை உதவி இயக்குநராகவே இருந்துவிட்டு, ஐம்பதைத் தாண்டிய பிறகு முதல் படம் எடுத்திருந்தான். அதைத் தன் கையாலேயே வெட்ட வேண்டும் என்று அவளிடம் தொழில் கற்க வந்தவன். ஆரம்பத்தில் கேலிக்காகத்தான் குருவே என்று கூப்பிட்டான். கேலி எப்போது உதிர்ந்தது என்று தெரியவில்லை. சொல் மட்டும் நின்றுவிட்டது.

"குருவே, திங்கட்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். தியேட்டரா, வீடா?"

இணையத்தில் படம் காட்டும் கம்பெனி ஒன்று படத்தை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. நேராக வீடுகளுக்குப் போய்விடும், தியேட்டருக்கு வரக்கூடாது. விநியோகஸ்தர் ஒருவர் சில ஊர்களில் தியேட்டரில் போடத் தயாராக இருந்தார். அவரிடம் போனால் கம்பெனி விலகிக்கொள்ளும். இரண்டில் ஒன்று.

"நீங்க என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?"

"வீடு."

"முடிவு பண்ணிட்டு எதுக்கு அண்ணே என்கிட்ட கேக்கறீங்க?"

"நீங்களும் அதையே சொல்லிட்டா தூக்கம் வரும்."

எமல்டா சிரிக்கவில்லை. "எதுக்கு வீடு?"

"படம் அக்காவுக்காக எடுத்தது. அக்காவால தியேட்டருக்கு வர முடியாது."

அக்கா செங்கமலம் சைதாப்பேட்டையில் இருந்தாள். ஒரு காலத்தில் வாரம் தவறாமல் படம் பார்த்தவள். புருஷன் பக்கவாதத்தில் விழுந்த பிறகு வாசலைத் தாண்டுவதே அபூர்வம். மாமாவுக்குப் பேச்சு போய்விட்டது. வலது கை மட்டும் அசையும். ஏதாவது வேண்டுமென்றால் எவர்சில்வர் டம்ளரைக் கட்டில் கம்பியில் தட்டுவார். அக்கா எதைச் செய்துகொண்டிருந்தாலும் போட்டுவிட்டு எழுந்து போவாள்.

"அதுக்குக் கிடைக்கறது அரை மணி, முக்கா மணி. அதனாலதான் படத்துல ஒரு மூச்சுகூட வெட்டியா இல்லாம அறுத்திருக்கேன். பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். பொன்னாடை சீன்ல சிரிப்பை எங்க வெச்சிருக்கீங்க?"

"எந்தச் சிரிப்பு?"

"பாக்கறவங்க சிரிப்பு."

"அது பாக்கறவங்ககிட்ட இருக்கு. நான் எங்க வெக்கிறது?"

எமல்டா திரையை அணைத்தாள்.

"வெள்ளிக்கிழமை வாணியம்பாடி போறோம். படத்தைக் கையில எடுத்துக்கங்க."

படத்தில் வருவது ஒரு தண்ணீர் லாரி டிரைவரின் கதை. அவருக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது. யாரிடமும் சொல்வதில்லை. மகளின் நிச்சயதார்த்தத்தில், சம்பந்திக்குப் போர்த்த வேண்டிய பொன்னாடையை, இலை போடலாமா என்று கேட்க வந்து நிற்கும் சமையல்காரருக்குப் போர்த்திவிடுகிறார். சமையல்காரர் கரண்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கண் கலங்கி, கைகூப்புகிறார். உடனே டிரைவர் மனைவியிடம் மெல்லக் கேட்கிறார்: "மங்கா, எதிர்ல யாரு நிக்கிறா?"

முழுப் படமும் அந்த ஒரு வரியில் தொங்கியது. அதற்கு முன்னும் பின்னும் கண்ணைப் பற்றி ஒரு சொல் கிடையாது. அதைத் தன் கெட்டிக்காரத்தனம் என்று பூவராகன் நினைத்திருந்தான்.

வாணியம்பாடியில் தியேட்டர் வைத்திருந்த ஹயாத் பாஷா எமல்டாவுக்குத் தெரிந்தவர். வெள்ளிக்கிழமை பல தோல் கம்பெனிகளுக்கு விடுமுறை. கம்பெனி ஆட்களையும் மார்க்கெட் ஆட்களையும் சும்மா வந்து பாருங்கள் என்று கூப்பிட்டிருந்தார்.

"தொழுகைக்கு முன்னாடி முடிஞ்சுடணும், எமல்டாம்மா. பாதியில எந்திரிச்சுப் போனா உங்க படம் சரியில்லைன்னு நெனச்சுக்காதீங்க."

பூவராகன் நடு வரிசையில் ஓர் இடம் பிடித்தான். எமல்டா அவன் சட்டையைப் பிடித்து எழுப்பினாள்.

"படம் எடுத்தவன் உக்காரக்கூடாது. கடைசி வரிசைக்குப் பின்னால போய் நில்லுங்க. திரையைப் பாக்காதீங்க."

"வேற எதைப் பாக்கறது?"

"தலைங்களை."

அவன் நின்றான். இருட்டில் தலைகள் வரிசையாகத் தெரிந்தன. முதலில் அவை தனித்தனியாக அசைந்தன. பிறகு எல்லாம் ஒரே சமயத்தில் அசையத் தொடங்கின. ஹெட்போனை மாட்டிக்கொண்டு அறையில் தனியாக வெட்டிய படம் இது. இத்தனை பேர் மூச்சோடு அதை அவன் கேட்டதில்லை.

பொன்னாடை வந்தது.

கூரை இடிந்ததுபோலச் சிரித்தார்கள். முன்னால் இருந்த ஒருவர் பக்கத்து ஆளின் தொடையில் ஓங்கி அடித்தார். அவர் பதிலுக்கு அடித்தார். பால்கனியில் ஒரு பெண் குரல், "ஐயோ, கரண்டியப் பாருடி!" என்று கத்தியது. சிரிப்பு ஒருமுறை அடங்கப் பார்த்து மறுபடி கிளம்பியது.

பூவராகன் பூரித்துப்போய் எமல்டாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் கையில் செல்போனை உயரப் பிடித்து அந்தச் சத்தத்தைப் பதிந்துகொண்டிருந்தாள்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. திரையில் டிரைவரின் உதடு அசைந்து முடிந்திருந்தது. அடுத்த காட்சியில் லாரி ஓடிக்கொண்டிருந்தது.

படம் விட்டதும் வாசலில் நின்றான்.

"படம் நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள் பூக்கூடையோடு வந்த ஒருத்தி. "கடைசியில அந்தாளுக்கு என்ன கிறுக்கா? நல்லா ஓடற லாரிய நடுரோட்டுல நிறுத்திட்டு, சாவியப் பொண்டாட்டி கையில குடுத்துட்டு, செவுத்தப் புடிச்சுக்கிட்டு நடக்கறான்?"

"தண்ணி போட்டிருப்பான்," என்றார் பக்கத்தில் வந்தவர்.

"போடற மாதிரி காட்டவே இல்லையே."

"எல்லாத்தையும் காட்டுவாங்களாக்கும்!"

அவர்கள் போய்விட்டார்கள். பூவராகன் சுவரில் சாய்ந்தான்.

"யாருக்கும் கேக்கல, குருவே."

"ஆமா."

"அப்ப வீடுதான். வீட்ல இப்படிக் கத்த ஆள் கிடையாது. ஒவ்வொரு சொல்லும் கேக்கும்."

"நாளைக்கு உங்க அக்கா வீட்டுக்குப் போவோம்," என்றாள் எமல்டா.

மறுநாள் செங்கமலம் அவர்களுக்குக் காபி கொடுத்துவிட்டு டிவிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். தம்பியின் படம் என்பதால் புடவை மாற்றியிருந்தாள். மடியில் ரிமோட்.

படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் உள்ளே டம்ளர் தட்டியது. செங்கமலம் படத்தை நிறுத்திவிட்டுப் போனாள். டிரைவர் கொட்டாவி விட்ட வாயோடு திரையில் நின்றார்.

"பாத்தீங்களா?" என்றான் பூவராகன் கிசுகிசுப்பாக. "நிறுத்திக்கலாம். திருப்பிப் பாத்துக்கலாம். தியேட்டர்ல முடியுமா?"

அவள் வந்து உட்கார்ந்தாள். "எங்க விட்டேன், பூவு? ஆங், கொட்டாவி."

மறுபடி டம்ளர். மறுபடி எழுந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக. பூவராகன் உட்கார்ந்தே இருந்தான். அவள் சீக்கிரம் திரும்ப வேண்டுமே என்று அறைக்கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். எமல்டா ஒருமுறை அவனைப் பார்த்தாள். பிறகு கதவைப் பார்த்தாள்.

பொன்னாடை வந்தது. செங்கமலத்தின் வாய் சிரிப்புக்குத் திறந்தது. "மங்கா, எதிர்ல யாரு நிக்கிறா?" என்றார் டிரைவர். திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது.

அந்த வரி அவளுக்குக் கேட்டுவிட்டது. கடைசிக் காட்சியில் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பூவராகன் குருவைப் பார்த்த பார்வையில் வெற்றி இருந்தது.

"எப்படிக்கா இருக்கு?"

"நல்லா எடுத்திருக்கடா. அழ வெச்சுட்ட." கொஞ்சம் தயங்கினாள். "ஆனா அந்தக் கரண்டிக்காரன் கும்பிட்டானே, அங்க எனக்குச் சிரிப்பு வந்துச்சு. சிரிக்கறதுக்குள்ள இந்தாளு பேசிட்டான். அப்பறம் சிரிச்சா பாவம்னு விட்டுட்டேன்."

எமல்டா சொன்னாள்: "வாணியம்பாடில அந்த இடத்துல ஒரே சத்தம்க்கா."

"அப்படியா?" செங்கமலம் அவள் பக்கம் முழுக்கத் திரும்பினாள். "விழுந்து விழுந்து சிரிச்சாங்களா? பக்கத்து ஆளை அடிச்சு?"

"அடிச்சுத்தான்."

"நானும் அடிப்பேன். சிரிப்பு வந்தா பக்கத்துல யாருன்னு பாக்க மாட்டேன். ஒருதடவை யாரோ ஒரு போலீஸ்காரரைப் போட்டுட்டேன்." அவள் குலுங்கினாள். "உங்க மாமாவுக்குக் கை விழுந்ததே எங்கூடப் படத்துக்கு வந்து வந்துதான்னு எங்க நாத்தனார் சொல்லுவா."

உள்ளே டம்ளர் பலமாகத் தட்டியது.

"கேட்டுடுச்சு மனுஷனுக்கு," என்று எழுந்தாள்.

அறைக்குத் திரும்பியதும் எமல்டா அந்தக் காட்சியைத் திறந்து, பதிந்து வந்த சத்தத்தை அதன் அடியில் வைத்தாள். பிறகு நாற்காலியைப் பூவராகனிடம் தள்ளினாள்.

அவன் ஓடவிட்டான். கரண்டி, கும்பிடு, சிரிப்பு. சிரிப்புக்குள் டிரைவரின் குரல் மூழ்கியது.

வரியைத் தள்ளிப் போட்டான். மறுபடி மூழ்கியது. இன்னும் தள்ளினான். நடுவில் வைக்க ஏதாவது வேண்டுமே என்று எடுத்த படத்தையெல்லாம் தேடினான். "கட்" சொல்ல மறந்துபோய் ஓடிய ஒரு துண்டு கிடைத்தது. டிரைவராக நடித்தவர் வெறும் கையோடு நின்றார். மனைவி மங்காவாக நடித்தவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதவாது என்று முன்பு அவன் ஒதுக்கிய துண்டு அது. அதை எடுத்து நடுவில் வைத்தான். சிரிப்பு எழுந்தது, அடங்கப் பார்த்தது, மறுபடி கிளம்பியது, ஓய்ந்தது. ஓய்ந்த இடத்தில் டிரைவர் மெல்லக் கேட்டார்.

எமல்டா கை நீட்டி, வாணியம்பாடியின் சத்தத்தை மட்டும் நிறுத்தினாள்.

இப்போது அந்த இடத்தில் எதுவும் கேட்கவில்லை. ஒருவர் வெறும் கையோடு நின்றார். ஒருத்தி அவரைப் பார்த்தாள். அவ்வளவுதான். ஆனால் வரி வருவதற்குள்ளேயே, அவருக்குக் கண் தெரியவில்லை என்பது அவளுக்குப் பாதி தெரிந்துவிட்டது போலிருந்தது.

பூவராகன் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தான்.

திங்கட்கிழமை கம்பெனிக்காரர் பேசினார். புதிதாக வெட்டியதைப் பார்த்திருந்தார்.

"படம் ஓக்கே சார். அந்த நிச்சயதார்த்தத்துல மட்டும் ஒரு லேக் இருக்கு, இழுக்குது. ஒண்ணுமே நடக்கல. முன்ன இருந்த மாதிரியே வெச்சுடுங்க. வீட்ல பாக்கறவங்க தள்ளிவிட்டுடுவாங்க."

"அதைத் தொட முடியாதுங்க."

"சின்ன இடம்தானே சார்?"

"அதனாலதான் தொடக்கூடாது."

"அப்ப நாங்க யோசிக்கணும்."

"யோசிக்க வேண்டாம்," என்றான் பூவராகன். "நான் தியேட்டருக்கே குடுத்துடறேன்."

போனை வைத்தான். அப்போதே விநியோகஸ்தரைக் கூப்பிட்டுப் பேசி முடித்தான். சைதாப்பேட்டைக்குப் பக்கத்திலேயே ஒரு தியேட்டர் கிடைக்கும் என்றார் அவர். சாயங்காலக் காட்சி, எத்தனை நாள் ஓடும் என்று மட்டும் கேட்காதே என்றார்.

எமல்டா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சரியா குருவே?"

"படம் சரியாயிடுச்சு."

"அக்காவுக்குத்தான் இப்ப புதுசா வெட்டினதைப் பாக்கக் கொடுத்து வைக்கல. மாமாவை விட்டுட்டு எப்படி வரும்? பின்னால எப்பவாவது டிவியில வந்தா பாத்துக்கும்." அவன் எழுந்து நடந்தான். அறை போதவில்லை. முப்பது வருஷமாக மற்றவர்களின் முதல் காட்சிக்குப் போய், அவர்கள் தோளுக்குப் பின்னால் நின்றவன் அவன். "குருவே, ஒண்ணு சொல்லுங்க. வாணியம்பாடில கடைசி வரிசைக்குப் பின்னால நிக்கச் சொன்னீங்க. அங்கருந்து எல்லாம் தெரிஞ்சுது. இப்ப நம்ம படம், முதல் நாள், முதல் காட்சி. நான் எங்க நிக்கணும்? பின்னாலயா, இல்ல முகம் தெரியற மாதிரி பக்கவாட்டு வாசல்லயா?"

எமல்டா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"டம்ளர் சத்தம் கேக்கற இடத்துல," என்றாள்.