இலவ முள்ளைப் பிய்த்தவள்

முள்ளைப் பிய்த்தது செம்பிதான். மரம் வேண்டாம் என்றது. கேட்கவில்லை. வந்ததெல்லாம் அதனால் வந்தது.

மரமும் காக்கையும் மனிதரோடு வாய்கொடுத்துப் பேசிய காலம் அது. அப்போது யார் முகத்திலும் பரு கிடையாது. செம்பியும் ஓர் இலவங்கன்றும் ஒரே மழையில் பிறந்தவர்கள். இருவருக்கும் வளரும் வயது. ஆடு பட்டையைக் கடிக்காமலிருக்க இலவுக்கு உடம்பெல்லாம் கூம்பு கூம்பாய் முள். அழகாயிருக்கும் என்று அதில் சிலவற்றைப் பிய்த்து, எச்சில் தொட்டுக் கன்னத்தில் ஒட்டிக்கொண்டாள் செம்பி.

விடிந்தபோது முள் உதிர்ந்திருந்தது. ஒட்டிய இடமெல்லாம் சிவந்த பரு.

திருவிழா நெருங்கியது. முதல் முளைப்பாரி இந்த வருடம் அவள் தலையில். அவளுக்கோ ஒன்றும் புரியவில்லை.

காக்கையைக் கேட்டாள். "அழுக்குடி. மண்ணு போட்டுத் தேய்." தேய்த்தாள். எரிந்ததுதான் மிச்சம்.

ஆட்டைக் கேட்டாள். "எவனையோ நினைச்சிருக்கே," என்று அசைபோட்டது. அவள் யாரையும் நினைக்கவில்லை. நினைத்தோமோ என்று நாளெல்லாம் குழம்பினாள்.

அணில், "கிள்ளிப் போடு," என்றது. கிள்ளினாள். அங்கே குழி விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று கிளம்பியது.

"இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டா பாரி தூக்கப் போறே? நான் தூக்குறேன், விடு," என்றாள் அக்கா பேச்சி.

செம்பி இலவிடம் போனாள். பிய்த்த இடங்களில் பிசின் வடிந்தது. ஆடு கடித்த தடமும் இருந்தது.

"உன் முள்ளை நீயே எடுத்துக்க."

"இனி ஒட்டாது. எனக்குள்ள பிசின் பொங்குது, உனக்குள்ள எண்ணெய் பொங்குது. அடிமரம் பெருத்தா எனக்கு உதிரும். உனக்கும் உதிரும்."

"எப்போ?"

"எனக்கென்ன தெரியும்? நானும் இப்பத்தானே வளர்றேன். கையை மட்டும் வைக்காதே."

"பாரி?"

"நான் இந்த முள்ளோட ஊர் நடுவுல நிக்கலையா?"

செம்பியே பாரி தூக்கினாள். ஊரோ பாரிச் சட்டியில் முளைத்த பயிரின் உயரத்தைத்தான் பார்த்தது. இரண்டு கையும் பாரியைப் பிடித்திருந்ததால் முகத்தைத் தொட வழியில்லை. பிறகு தொடாமலிருப்பதே பழகிவிட்டது.

மரம் பெருத்தது, முள் உதிர்ந்தது. அவள் கன்னமும் தெளிந்தது. கிள்ளிய குழி மட்டும் தங்கிவிட்டது.

அன்று தொடங்கித்தான் வளர்கிற பிள்ளைகளுக்குப் பரு வருகிறது, வளர்ந்தபின் போகிறது. செம்பிக்கு அதைப் போக்கியது மண்ணுமில்லை, நகமுமில்லை. கூடவே நின்று தானும் வளர்ந்ததே, அந்த இலவு.