தேய்ந்து முடியும் பாட்டு

“டாக்டரம்மா, நம்ம பாட்டுகள்ல பிரிவைப் பத்தி உருப்படியா ஒரு வரி சொல்லுங்க” என்றார் பரிதி.

“எதுக்கு சார்?”

“சும்மா. ஆராய்ச்சி.”

பரிதி அரசுக் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். ஐரீன் அவரைவிடப் பத்து வயது இளையவர், பல் மருத்துவர். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ள வந்தவர் கையில் பேஸ் கிட்டாரைக் கொடுத்து, பழைய ராக் பாட்டுப் பைத்தியமாக அனுப்பிவைத்தவர். ஞாயிறுதோறும் பெரம்பூரில், கிளினிக்கின் மாடியில், கிட்டார் வாசிக்கும் இன்னும் இருவரோடு ஒத்திகை. டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் ஐரீன்தான் குரு.

குருவிடம் பரிதி ஒன்றை மறைத்திருந்தார். தென்காசிக்கு மாற்றல் வந்துவிட்டது. சொல்ல வாய் வரவில்லை. ஒத்திகைக்குத் தாமதமாக வரத் தொடங்கினார். பிறகு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். இப்படியே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துபோனால் யாருக்கும் வலிக்காது என்பது அவர் எண்ணம்.

ஆனாலும், பாட்டில் ஒரு வரி துணைக்கு இருந்தால் தேவலை.

“நானும் தேடிப் பாத்துட்டேன். பாதிப் பாட்டு பாலைத் திணை. எவனாவது யாரையாவது விட்டுட்டுப் போய்க்கிட்டே இருக்கான். மீதியில ‘ஓ பேபி’தான். அது அசைநிலை, பொருள் கிடையாது.”

“உரை எழுதினது போதும், வாசிங்க. அந்த ரயில் பாட்டு.”

“கிட்டார்காரங்க வரலையே.”

“நாம ரெண்டு பேர் போதும்.”

‘போகிறேன், போய்க்கொண்டே இருக்கிறேன்’ என்று முடியும் ஆங்கிலப் பாட்டு அது. இசைத்தட்டில் அந்த வரி திரும்பத் திரும்ப வந்து, மெல்லத் தேய்ந்து, இல்லாமல் போகும். எங்கே முடிந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பரிதிக்கு மிகவும் பிடித்த இடம்.

பாடினார். அந்த வரி வந்தது. மறுபடியும் வந்தது. குரலைத் தாழ்த்தினார்.

ஐரீன் தாழ்த்தவில்லை.

முணுமுணுப்பாகப் பாடிப் பார்த்தார். டிரம்ஸ் அதே அதிர்வில் போய்க்கொண்டிருந்தது.

விரல் நுனிகள் எரிந்தன.

“இதை எப்படி முடிக்கிறது?” என்று கத்தினார். “ரெக்கார்டுல தானாத் தேய்ஞ்சிடுமே!”

“அங்க யாரோ வால்யூம் குமிழைத் திருகியிருக்காங்க சார்!” அடித்துக்கொண்டே ஐரீனும் கத்தினார். “வாசிச்சவங்க வாசிச்சுக்கிட்டேதான் இருந்திருப்பாங்க!”

“இங்க குமிழ் இல்லையே!”

“இல்லை!”

“அப்போ?”

“என் மூஞ்சியைப் பாருங்க! சேர்ந்து நிறுத்துவோம்!”

பரிதி கிட்டாரைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். ஒரு மாதமாக அவர் பார்க்காமல் தப்பித்துவந்தது அந்த முகத்தைத்தான்.

பாட்டு போய்க்கொண்டே இருந்தது.

நிமிர்ந்து பார்த்தார்.

ஐரீன் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருவர் தலைகளும் அசைந்தன. கடைசி அடி விழுந்தது. மாடி முழுக்க அமைதி.

“எந்த ஊருக்கு சார்?” என்றார் ஐரீன்.