குப்புற ஏழு, மல்லாக்க ஏழு

கானான் என்று ஒரு நாடு இருந்தது, குழந்தைகளே. பெயரில்தான் கான் உண்டு. காடு கொஞ்சம், மதில்தான் அதிகம். மேட்டுக்கு ஓர் ஊர், ஊருக்கு ஒரு மதில், மதிலுக்குள் ஒரு ராஜா. தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு ராஜாவின் மேல்தான் விழ வேண்டும்.

ஆமையூருக்கு ஆமையார் ராஜா. முறை தவறாதவர். அடுத்த மேட்டில் முள்ளூர். அதன் ராஜாவான முள்ளம்பன்றியாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒருவர் மதிலை ஒரு கல் உயர்த்தினால், மற்றவர் இரண்டு கல் உயர்த்துவார்.

இந்தக் குட்டி ராஜாக்களுக்கெல்லாம் மேலே ஒரு பேரரசர் இருந்தார். தெற்கே வெகு தூரத்தில், நைல் ஆற்றில் படுத்துக் கிடக்கும் முதலையார். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே ஊர் நூறுபட்டுக் கிடந்தது. முதலையாரின் கொண்டாட்டத்தைக் கேட்பானேன்!

அவருக்குக் கடிதம் எழுத ஒரு மரபு உண்டு. "உம் காலடியில் குப்புற ஏழு முறையும் மல்லாக்க ஏழு முறையும் விழுகிறேன்" என்று தொடங்க வேண்டும். முடிவில் பக்கத்து ஊர் ராஜாவைப் பற்றி ஒரு புகார். கொக்கு அதை ஈரக் களிமண் பலகையில் அலகால் கொத்தி எழுதி, எடுத்துக்கொண்டு பறக்கும்.

மற்ற ராஜாக்கள் விழுவதாக எழுதுவதோடு சரி. ஆமையார் மட்டும் உண்மையாகவே விழுவார்.

ஒருநாள் வரையாடுகள் வந்தன. பாலைவனத்தில் நெடுங்காலம் அலைந்த கூட்டம். அவற்றுக்கு மதில் இல்லை, ராஜா இல்லை. ஆனால் ஒன்று கத்தினால் அத்தனையும் திரும்பிப் பார்க்கும். "இது எங்களுக்கு வாக்களிக்கப்பட்ட நாடு" என்று சொல்லிக்கொண்டு ஆமையூருக்கு வரும் கணவாய்க்கு அந்தப்புறம் நின்றன.

ஆமையார் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். பாட்டன் காலத்து ஊர், வற்றாத சுனை, எல்லாம் போய்விடுமே! அப்போது முள்ளம்பன்றியார் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"ஓய் ஆமையாரே! கணவாய் ஓராள் அகலம்தான். நீர் பாறை மாதிரி அடியில் உட்காரும். நான் மேலே ஏறி முள்ளை விரிக்கிறேன். ஒரு கொம்பு உள்ளே நுழையாது!"

"அருமையான யோசனை! வாரும், போவோம். அதற்கு முன்னால் முதலையாருக்கு ஒரு கடிதம்."

"ஆடு வாசலுக்கு வந்துவிட்டது, ஓய்!"

"வரட்டுமே. முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா?"

கொக்கு வந்தது. ஆமையார் ஊர்வாசலைத் திறந்துவைத்துத் தெற்குப் பார்த்து விழத் தொடங்கினார். குப்புற விழுவதில் ஆமைக்கு என்ன சிரமம்? காலை உள்ளே இழுத்தால் போதும். மல்லாக்க விழுவதுதான் பெரும்பாடு. வாசற்படியில் முன்னங்காலை ஊன்றி ஏறி, பொத்தென்று பின்னால் சாய்வார். நாலு காலும் ஆகாயத்தில் நீந்தும். யாராவது புரட்டிவிட்டால்தான் எழுந்திருக்க முடியும்.

முள்ளம்பன்றியார் பல்லைக் கடித்துக்கொண்டு மூக்கால் புரட்டினார். ஆறுமுறை புரட்டியதில் மூக்கு சிவந்துவிட்டது. விழுந்ததையும் எழுந்ததையும் கொக்கு ஒன்றுவிடாமல் பலகையில் கொத்தியது.

ஏழாவது முறை மல்லாந்து கிடந்தபடியே ஆமையார் கொக்கிடம் சொன்னார்: "எழுது. ஆடுகள் வந்துவிட்டன. படை அனுப்பவும். மேலும், முள்ளூர் ராஜா ஒரு துரோகி. ஆடுகளை அழைத்து வந்ததே அவர்தான். அவருடைய கிணற்றை எனக்குத் தந்தருளவும்."

"ஓய்! நான் இங்கேதானே நிற்கிறேன்!"

"மனதில் வைத்துக்கொள்ளாதீர். புகார் இல்லாமல் கடிதம் முடியாது. மரபு!"

முள்ளம்பன்றியாரின் முள்ளெல்லாம் சிலிர்த்தது. "அப்படியானால் அந்த மரபே வந்து உம்மைப் புரட்டட்டும்!" என்று விறுவிறுவென்று நடந்தார். தம் ஊர்க் கதவைச் சாத்திக்கொண்டு, "ஆமையூர் ராஜா ஒரு துரோகி" என்று அவரும் ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தார்.

"கொக்கே, நீயாவது..." என்றார் ஆமையார்.

"எனக்கு எழுத்து வேலை மட்டும்தான்" என்று கொக்கு பறந்துவிட்டது.

கணவாயில் காவலுக்கு ஓர் ஈ கூட இல்லை. ஆடுகள் நிதானமாக நடந்து வந்தன. தலைவி ஆடு வாசலில் நின்று குனிந்து பார்த்தது.

"ஐயா, வெயில் காய்கிறீரா?"

"இல்லை தாயே. எங்கள் பேரரசரை வணங்கிக்கொண்டிருக்கிறேன்."

"எங்கே அவர்?"

ஆமையார் காலால் தெற்கே காட்டப் பார்த்தார். கால் மேகத்தைத்தான் காட்டியது.

தலைவி ஆடு சிரித்துக்கொண்டே அவரைக் கொம்பால் புரட்டிவிட்டது. ஆமையார் எழுந்து பார்த்தபோது தெருவெல்லாம் ஆடு, சுனையெல்லாம் ஆடு. அவர் வாய்விட்டு அழுதார். மறுநாள் முள்ளூரும் போயிற்று.

ஒரு மாதம் கழித்து, மதிலுக்கு வெளியே ஓர் இலந்தைப் புதரடியில் இரண்டு ராஜாக்களும் உட்கார்ந்திருந்தார்கள். கொக்கு பதில் கொண்டுவந்தது.

"உம் கடிதம் கிடைத்தது. ஏழாவது முறை மல்லாந்தபின் எழுந்ததாக அதில் இல்லை. படுத்துக்கொண்டே பெரியவர்களுக்கு எழுதுவது மரியாதையல்ல. எழுந்து, முறைப்படி மறுபடி எழுதவும். கொழுத்த வாத்து நாற்பது உடனே அனுப்பவும்."

படையைப் பற்றி ஒரு கொத்துக்கூட இல்லை.

ஆமையார் பெருமூச்சு விட்டார். ஆனாலும் பழக்க தோஷம் யாரை விட்டது? தெற்குப் பார்த்துத் திரும்பி, "விழட்டுமா?" என்று கேட்டார்.

"தாராளமாக விழும்" என்றார் முள்ளம்பன்றியார். "புரட்டிவிட யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு விழும்."

ஆமையார் தெற்கே பார்த்தார். பக்கத்தில் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி, முள்ளம்பன்றியாருக்கு முன்னால் ஒரே ஒரு முறை குப்புற விழுந்தார்.

நீதி: விழுந்தவனைத் தூக்கிவிடப் பக்கத்தில் இருப்பவன்தான் வருவான், எட்டாத பெரியவனுக்காக அவனைப் பகைத்துக்கொள்ளாதே.