கல்லை மாற்றிய அம்மையார்

"தாயே, என்னிடம் வேலை பார்ப்பவர்களுக்குப் படிப்பு இருக்கிறது, வாய் இருக்கிறது. யோசனை மட்டும் இல்லை. என்ன செய்தால் வரும்?"

நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளர் திருமேனிநாதன், மலைமேல் இருந்த மடத்தின் அடுக்களை வாசலில் நின்றபடியே கேட்டார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

அவர் ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். மடத்தின் தலைவியான சிவஞானத்தம்மையாருக்கோ அவருடைய மகள் வயதுதான் இருக்கும். ஆயினும், கீழே தீராத சிக்கல்கள் இந்த அம்மையாரிடம் வந்தால் தீர்ந்துவிடுகின்றன என்று யாரோ சொல்லக் கேட்டு, மனமில்லாமல் ஏறி வந்திருந்தார்.

"எதற்கு யோசனை?" என்றார் அம்மையார், மாவைக் கலக்கியபடி.

"கீழே ஒரு வளைவு இருக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் மேட்டு மண் சரிந்து சாலையை மூடிவிடுகிறது. நாங்கள் தடுப்புச் சுவர் கட்டுவோம். மழை அதைத் தள்ளிவிடும். மறுபடியும் அதே சுவரைக் கட்டுவோம். போன ஐப்பசியில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியைத் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். வளைவைத் தாண்ட முடியவில்லை. சேற்றிலேயே பிரசவம். தாய் பிழைத்தாள், பிள்ளை பிழைக்கவில்லை. இதோ, மறுபடியும் ஐப்பசி வரப்போகிறது."

அம்மையாரின் கை நின்றது.

"புதிதாக ஒருவரும் ஒன்றும் செய்து பார்க்கவில்லையா?"

"செய்தார்கள், செய்தார்கள். ஓர் உதவிப் பொறியாளர் சரிவின்மேல் தென்னைநார் வலையை விரித்துப் புல் நட்டார். முதல் மழையிலேயே பாதி பிய்ந்து போயிற்று. அவரை வேறு ஊருக்கு அனுப்பினேன். அடுத்து வந்தவர் வலையைச் சுருட்டி எறிந்துவிட்டு, கம்பிக் கூடைகளில் கல்லை நிரப்பி அடுக்கினார். ஓர் ஓரம் சாய்ந்தது. அவரையும் அனுப்பினேன்."

"பிறகு?"

"பிறகென்ன? இருப்பவர்களைக் கூட்டி, புதிய வழி சொல்பவருக்குப் பரிசு என்று அறிவித்தேன். டீயும் போண்டாவும் வரவழைத்தேன். போண்டாவைத் தின்றார்கள். 'பழைய சுவரையே கட்டிவிடலாம், சார்' என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்கள்."

"போண்டா நன்றாக இருந்திருக்கும்."

திருமேனிநாதன் பல்லைக் கடித்துக்கொண்டார். வண்டி நுழையாத பாதையில் மூச்சு வாங்க ஏறி வந்தது இதற்குத்தானா என்றிருந்தது அவருக்கு.

"பசியோடு பேசினால் கோபந்தான் வரும்" என்றார் அம்மையார். "இன்று சமையற்காரர் ஊரில் இல்லை. வெளியே பந்தி உட்கார்ந்துவிட்டது. நீங்களே வார்த்துப் போடுங்கள்."

தோசைக் கரண்டி அவர் கைக்கு வந்தது.

பாலங்கள் கட்டியவர் அல்லவா? தோசையாவது ஒன்றாவது என்று மாவை ஊற்றி வட்டமாகத் தேய்த்தார். திருப்பியபோது தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டு கிழிந்து வந்தது.

அம்மையார் கரண்டியை வாங்கிக்கொண்டார்.

"போதும். உங்களுக்கு வராது."

"இல்லை தாயே, இன்னொன்று ஊற்றினால்..."

"பந்தி காத்திருக்கிறது."

அந்தக் கல்லைத் துணியால் பிடித்து இறக்கி வைத்தார். பரணிலிருந்து வேறொரு கல்லை எடுத்து அடுப்பில் ஏற்றினார்.

"அடுத்து யார்?"

பொறியாளரோடு கூடவே ஏறி வந்திருந்த ஓட்டுநர் பிச்சையா சிரித்துக்கொண்டே முன்வந்தார். "எங்க வீட்ல கல்லுல வெங்காயத்தைத் தேய்ப்பாங்க ஐயா. அப்புறம் பாருங்க, வழுக்கிக்கிட்டு வரும்."

வெங்காயத்தைத் தேய்த்தார். தோசையின் ஓரமெல்லாம் அழகாக எழும்பியது. நடுவில் மட்டும் ஒட்டிக்கொண்டது.

"போதும்" என்றார் அம்மையார்.

"அம்மா, ஓரம் வந்திருச்சே. நடுவுலதான் கொஞ்சம்..."

கரண்டி பிச்சையாவின் கையை விட்டுப் போயிற்று. அந்தக் கல்லும் இறங்கிற்று. மூன்றாவது கல் ஏறிற்று, துருவோடு, சில்லென்று.

"அடுத்து யார்?"

பந்தியில் ஒருவரும் தலை நிமிரவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் இலையைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தனர்.

"நன்றாக வார்ப்பவருக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் தருகிறேன்" என்றார் அம்மையார்.

இலைகளின்மேல் இன்னும் அதிகமாகக் குனிந்தார்கள்.

கடைசியில், கோடியில் இருந்த கிழவர் ஒருவர் வாய் திறந்தார். "பழைய சோறு கிடந்தா அதையே போட்ருங்க தாயி. எதுக்கு வம்பு?"

அதுவே சரி என்று பந்தி முழுவதும் தலையசைத்தது.

திருமேனிநாதனுக்கு வயிறும் எரிந்தது, மனமும் எரிந்தது. மரியாதையை அதுவரைதான் காக்க முடிந்தது.

"இது என்ன கூத்து, தாயே? எந்தக் கல்லிலும் முதல் தோசை ஒட்டத்தான் செய்யும். எங்கே ஒட்டியது, எவ்வளவு சூடு வேண்டும் என்பது ஒட்டவைத்தவனுக்குத்தானே தெரியும்? அவன் கையிலிருந்தே கரண்டியைப் பிடுங்குகிறீர்கள். பழகத் தொடங்கின கல்லையும் இறக்கிவிடுகிறீர்கள். அப்புறம் யார் முன்வருவார்கள்? இப்படியே போனால் பொழுது சாயும்வரை வார்த்தாலும் ஓர் இலையிலும் ஒரு தோசை விழாது."

சிவஞானத்தம்மையார் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இதை என்னிடம் சொல்லவா இவ்வளவு தூரம் மலையேறி வந்தீர்கள்?"