கிளிச் சுவருக்குள் ஒரு கேபிள்

பேச்சிமுத்துவுக்கு ஐம்பத்தெட்டு வயது. அவருடைய குருவுக்கு முப்பத்தாறு.

தென்காசி வட்டாரத்தில் யார் வீட்டு ப்ரொஜெக்டர் மக்கர் பண்ணினாலும் ஜெசிந்தாவைத்தான் கூப்பிடுவார்கள். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பாதிப் பழுது சரியாகிவிடுமாம். ஒரு வீட்டில் வலது செருப்பைக் கழற்றியதுமே படம் வந்துவிட்டது, இடது செருப்போடு திரும்பிவிட்டார் என்பார்கள்.

நாற்பது வருஷம் வயரிங் வேலை பார்த்த பேச்சிமுத்து, முழங்கால் ஏணிக்கு ஒத்துழைக்காமல் போன பிறகு அவரிடம் சீடராகச் சேர்ந்தார். குரு சீடரை ‘அண்ணாச்சி’ என்பார். சீடர் குருவை ‘மேடம்’ என்பார்.

அன்று குற்றாலிங்கம் சார் வீட்டில் படம் வரவில்லை.

அவர் மனைவி செண்பகம் போய்ச் சேர்ந்து அன்றோடு ஒரு வருஷம். சாயங்காலம் சொந்தமெல்லாம் கூடும்போது, அந்த அம்மாள் பேசுகிற ஒரே வீடியோவைப் பெரிதாகப் போட்டுக் காட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை. பழைய வீடியோ பிளேயர் போன மாதம் செத்துவிட்டது. மகள் துபாயிலிருந்து புதிது கொண்டுவந்திருந்தாள். அதை மாட்டினால் திரை முழுக்கக் கறுப்பு. நடுவில் ‘சிக்னல் இல்லை’ என்று ஒரு வரி.

முதலில் போனவர் பேச்சிமுத்து. பன்னிரண்டு மணிக்கு ஜெசிந்தா உள்ளே நுழைந்தபோது பேச்சிமுத்து உளியும் சுத்தியலுமாக நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் சுவருக்கும் நடுவே குற்றாலிங்கம் சார் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

செண்பகத்தம்மாள் தன் கையால் வரைந்த சுவர் அது. தரையிலிருந்து கூரை வரை கிளிகள். ஒருமுறை நிஜக் கிளி ஒன்று ஜன்னல் வழியே வந்து, அந்தக் கூட்டத்தில் உட்காரப் பார்த்து வழுக்கி விழுந்ததாம். விழுந்ததை நேரில் பார்த்தவர்கள் அந்தத் தெருவில் மட்டும் பதினாறு பேர்.

“கேபிள் போயிட்டுது மேடம். இந்தச் சுவத்துக்குள்ளதான் ஓடுது. உடைச்சுத்தான் எடுக்கணும்.”

“எதையெல்லாம் மாத்திப் பாத்தீங்க, அண்ணாச்சி?”

“ஒண்ணையும் மாத்தல. எனக்குத் தெரியும்.”

“சுவத்துக்குள்ள பாக்குற கண்ணு எப்ப வாங்கினீங்க?”

பேச்சிமுத்து உளியைக் கைமாற்றிக்கொண்டார். அந்தக் கண் அவருக்கு உண்மையிலேயே இருந்தது. பதினொரு வருஷத்துக்கு முன் காண்ட்ராக்டரின் ஆளாக வந்து அந்தக் கேபிளைப் போட்டவர் அவர்தான். மறுநாள் தீபாவளி. கேபிளை நுழைக்கிற பைப் தீர்ந்துவிட்டது. கடைக்குப் போகச் சோம்பல்பட்டு, கேபிளை அப்படியே சுவரில் புதைத்துப் பூசிவிட்டார். குற்றாலிங்கம் சாருக்கு அவர் முகம் நினைவில்லை. பேச்சிமுத்துவுக்கு, அப்போது கிளிகள் வந்திராத அந்தச் சுவர் நன்றாக நினைவிருந்தது.

ஜெசிந்தா சுவரைப் பார்க்கவேயில்லை. பிளேயரைக் கழற்றிக்கொண்டு போய், பின்னால் ப்ரொஜெக்டருக்கு அடியில் ஒரு ஸ்டூல்மேல் வைத்தார். பையிலிருந்து ஒரு கை நீளக் கேபிளை எடுத்து இரண்டையும் இணைத்தார்.

படம் வந்தது.

“பாத்தீங்களா!” என்றார் பேச்சிமுத்து. “பிளேயர் நல்லா இருக்கு. ப்ரொஜெக்டர் நல்லா இருக்கு. மிச்சம் என்ன, கேபிள்தானே?”

குற்றாலிங்கம் சாரின் கைகள் மெதுவாகக் கீழே இறங்கின. அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார்.

“இந்த ஓரத்துக் கிளிங்க மட்டும் போதுமா? இல்ல, நடுவுல உள்ளதும் போகணுமா?”

பேச்சிமுத்துவுக்கு உளி கனத்தது.

“சார்... பைப் இருந்தா சுவத்தத் தொடாம உருவி மாத்தியிருக்கலாம். அன்னைக்குப் பைப் போடாமப் பூசினது நான்தான்.”

குற்றாலிங்கம் சார் சுவரை விட்டு அவர் பக்கம் திரும்பினார்.

“அன்னைக்கு அவ உமக்குக் காப்பி போட்டுக் கொடுத்திருப்பாளே வே.”

“ரெண்டு தடவ கொடுத்தாங்க, சார்.”

ஜெசிந்தா இதற்குள் பிளேயரின் செட்டிங்கைத் திறந்து, பட்டியலில் கீழே இறங்கி ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தார். பிறகு பிளேயரைத் தூக்கிவந்து பழைய இடத்திலேயே வைத்தார். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த அதே கேபிளை அதில் செருகினார்.

திரை ஒருமுறை சிமிட்டியது. படம் வந்தது.

பேச்சிமுத்து கேபிளைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். உளியைப் பைக்குள் போட்டார்.

“புதுப் பிளேயர் நாலு மடங்கு பெரிய படத்த அனுப்புது. பதினஞ்சு மீட்டர் கேபிளுக்கு அவ்வளவு தாங்காது. பழைய பிளேயர் அனுப்பின அளவுக்குக் குறைச்சிருக்கேன்” என்றார் ஜெசிந்தா. “கேபிள் நல்லாத்தான் இருக்கு.”

“குறைச்சா அவ முகம் மங்கிப்போகுமாம்மா?” என்று கேட்டார் குற்றாலிங்கம் சார்.

“அந்த வீடியோவே இதைவிடச் சின்னதுதான், சார். ஒண்ணும் குறையாது.”

அவர் வீடியோவைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். பேத்திக்குக் காது குத்திய நாள். பந்தல், நாற்காலிகள், யாரோ ஒருவரின் முதுகு. அந்த முதுகுக்குப் பின்னாலிருந்து செண்பகத்தம்மாள் எட்டிப் பார்த்துச் சத்தம் போட்டார்.

“ஏங்க, தள்ளித்தான் நில்லுங்களேன். பிள்ளைய மறைக்கீங்க!”

ப்ரொஜெக்டர் வெளிச்சத்தின் குறுக்கே நின்றிருந்த குற்றாலிங்கம் சார், சட்டென்று இரண்டடி தள்ளி நின்றார். அவருடைய நிழல் திரையை விட்டு விலகியது.



குருவும் சீடரும் வெளியே வந்தார்கள். வெயில் தெருவில் நிறைந்து கிடந்தது. பேச்சிமுத்து ஸ்கூட்டருக்குப் பின்னால் பையைக் கட்டினார். கட்டிய முடிச்சை அவிழ்த்துத் திரும்பவும் கட்டினார்.

“ஒண்ணு கேக்கட்டுமா, மேடம்?”

“கேளுங்க.”

“கேபிள் நல்லா இருக்குங்கிறத நீங்க ஒரு நிமிஷம் முந்திச் சொல்லியிருந்தா, நான் வாயே திறந்திருக்க மாட்டேன். பதினொரு வருஷம் யாருக்கும் தெரியாமக் கிடந்தது. வீணா நானே சொல்லி அசிங்கப்பட்டேன். இப்பப் பாத்தா என் வேலையில ஒரு குறையும் இல்லையே?”

ஜெசிந்தா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

“கேபிளத்தான் நல்லா இருக்குன்னு சொன்னேன், அண்ணாச்சி.”

பேச்சிமுத்து பின்னால் ஏறி உட்கார்ந்தார்.